லிங்கன் டவுன் கார்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஃபோர்டு நிறுவனம் தயாரித்த சொகுசுக் காரான லிங்கன் டவுன் காரின் பழைய மாடல்களை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்பது கோளாறுகளுக்குள் அடங்கிவிடும். மிச்சிகனில் நான் முன்பு வைத்திருந்த 1996 மாடலிலும், இப்போது வைத்திருக்கும் 2001 மாடலிலும், நண்பர்களின் கார்களிலும் அவற்றையே திரும்பத் திரும்பச் சரிசெய்து வந்திருப்பதால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டு தொழில்முறை மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள இந்தக் காரை ஒருவர் தேடி வாங்குவது அதன் மெத்தென்ற ஓட்டத்துக்காகவும் உள்ளே நிலவும் அமைதிக்காகவும்தான். எனவே அவ்விரண்டையும் கெடுக்காமல் சரிசெய்யும் வழியையே ஒவ்வொரு இடத்திலும் முன்வைத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது 1990 முதல் 2011 வரையிலான கார்களுக்குப் பொருந்தும். 1991 மாடலில் 4.6 லிட்டர் வி8 இன்ஜின் வந்தது. 1998-இல் உடலமைப்பும் பின் சஸ்பென்ஷனும் மாறின. 2003-இல் சேஸிஸும் ஸ்டியரிங் அமைப்பும் மாறின. மிச்சிகனின் விக்சம் தொழிற்சாலையில் 2007 வரை உற்பத்தியான கார், பின்னர் கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள செயின்ட் தாமஸ் தொழிற்சாலைக்கு மாறி, 2011 ஆகஸ்ட் 29 அன்று நின்றுபோனது. உதிரிப் பாகம் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவும் மெர்க்குரி கிராண்ட் மார்க்கீயும் இதே அடித்தளத்தில் கட்டப்பட்டவை, டாக்ஸியாகவும் போலீஸ் வண்டியாகவும் ஓடித் தீர்ந்த அந்தக் கார்கள் பழைய வண்டிக் கிடங்குகளில் கிடப்பதால், இன்ஜின், கியர்பாக்ஸ் பாகங்களுக்கு இன்றும் பெரிய தட்டுப்பாடு இல்லை. டவுன் காருக்கே உரிய கதவு அலங்காரம், இருக்கை, விளக்குக் கண்ணாடி ஆகியவைதாம் அரிதாகி வருகின்றன.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. டிக்கியின் பக்கவாட்டில் ஏர் சஸ்பென்ஷனுக்கான (காரின் பின்புறத்தைக் காற்றுப்பைகளால் தாங்கும் அமைப்புக்கான) சுவிட்ச் ஒன்று உண்டு. காரை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பும், லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்பும், இழுவை வண்டியில் கட்டுவதற்கு முன்பும் அதை அணைத்தே ஆக வேண்டும். அணைக்காமல் தூக்கினால், கார் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டதாகக் கருதி அமைப்பு காற்றை வெளியேற்றும். அப்போது காரடியில் கையோ தலையோ இருந்தால் விளைவு மோசமாகும். வேறு எவரிடம் காரை விட்டாலும் இந்தச் சுவிட்சைப் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அறிகுறி 1: பின்புறம் தாழ்ந்து நிற்கிறது

இந்தக் காரின் முன்புறத்தில் சாதாரணச் சுருள் ஸ்பிரிங்குகளே உள்ளன; பின்புறத்தில் மட்டும் இரண்டு ரப்பர்க் காற்றுப்பைகள், ஒவ்வொரு பைக்கும் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு, இன்ஜின் பகுதியில் ஒரு சிறு கம்ப்ரஸர், பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓர் உயர உணரி என்று அமைப்பு சுருக்கமானது. ஆகவே தாழ்வதற்கான காரணங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம். எப்போது தாழ்கிறது, மீண்டும் எழுகிறதா என்ற இரண்டு கேள்விகளே வழியைப் பிரிக்கின்றன.

*இரவில் நிறுத்தினால் காலையில் தாழ்ந்திருக்கிறது. இன்ஜினை இயக்கியதும் எழுகிறது*

கம்ப்ரஸரும் உணரியும் நன்றாக இருக்கின்றன, எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். முதலில் சக்கர வளைவின் விளிம்புக்கும் தரைக்கும் இடையிலான உயரத்தை இருபுறமும் அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் கழித்தும், மறுநாள் காலையிலும் மீண்டும் அளந்தால், எந்தப் பக்கம் முந்திக்கொண்டு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது சோப்பு நீர்ச் சோதனை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தெளிப்பானில் ஊற்றி, கார் முழு உயரத்தில் நிற்கும்போது சோலனாய்டு பைக்குள் நுழையும் இடத்திலும், காற்றுக்குழாய் சோலனாய்டில் சேரும் இடத்திலும், பையின் அடிமடிப்பிலும் தெளியுங்கள். சோலனாய்டைச் சுற்றிக் குமிழி வந்தால் அங்குள்ள ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) காய்ந்துவிட்டன. சில டாலர்களில் முடிகிற வேலை அது. குழாய் சேருமிடத்தில் குமிழி வந்தால் குழாயின் நுனியைச் சிறிது வெட்டி மீண்டும் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். பையின் மடிப்பில் குமிழி வந்தாலோ, ரப்பரில் நிலம் வெடித்ததுபோல் கீறல்கள் தெரிந்தாலோ பையை மாற்ற வேண்டும். ஒரு பக்கப் பை முதுமையால் போயிருந்தால் மறுபக்கப் பைக்கும் அதே வயதுதான் என்பதால், இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நான் வழக்கமாகச் செய்வது.

மாற்றும்போது ஒழுங்கு மிக முக்கியம். சுவிட்சை அணைத்து, சேஸிஸை ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பின் அச்சைத் தொங்கவிடுங்கள். சோலனாய்டை முதல் தடுப்பு வரை மட்டும் திருப்பினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். சீறல் முற்றிலும் அடங்கிய பிறகே இரண்டாவது தடுப்புக்குத் திருப்பி வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அது குண்டுபோல் தெறிக்கும். முகத்தை எப்போதும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பையைப் பொருத்திய பின் காரை உடனே கீழே இறக்கிவிடக் கூடாது. காற்றில்லாத பையின் மேல் காரின் எடை விழுந்தால் பை தாறுமாறாக மடிந்து கிழிந்துவிடும். கார் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போதே பைக்குள் காற்றேற்றி, மடிப்பு சுற்றிலும் சீராக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இறக்குங்கள்.

*தாழ்ந்த பின்புறம் எழவே இல்லை*

முதலில் டிக்கி சுவிட்சைப் பாருங்கள். சாமான் ஏற்றும்போது ஏதாவது இடித்து அது அணைந்துபோவது நான் பலமுறை கண்டது. பிறகு ஃபியூஸ். இரண்டும் சரியாக இருந்தால், சாவியைத் திருப்பி ஒருவர் கதவைத் திறந்து மூட, இன்னொருவர் இன்ஜின் பகுதியில் காதை வைத்துக் கேளுங்கள். கம்ப்ரஸர் உறுமும் ஒலி கேட்டும் கார் எழாவிட்டால், கசிவு மிகப் பெரியதாக இருக்கிறது அல்லது கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. ஒலியே இல்லையென்றால், கம்ப்ரஸரின் மின் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். வந்தால் கோளாறு கம்ப்ரஸரில். வராவிட்டால் ரிலேயில் (கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்சில்) அல்லது வயரிங்கில்.

ரிலேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒட்டிக்கொண்ட நிலையில் பழுதானால், சாவியை எடுத்த பின்னும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து, இறுதியில் வெந்துபோகும். ஆகவே கம்ப்ரஸரை மாற்றும்போதெல்லாம் ரிலேயையும் மாற்றுங்கள். கசியும் பையை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கம்ப்ரஸர் போடுவதும் வீண் செலவு. பழைய கம்ப்ரஸரைக் கொன்ற அதே கசிவு புதியதையும் ஓயாமல் ஓடவைத்துக் கொல்லும்.

*பின்புறம் அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறது*

உயர உணரியின் கீழ்முனை அதன் குமிழிலிருந்து கழன்று தொங்குகிறதா என்று காரடியில் பாருங்கள். கழன்றிருந்தால் மீண்டும் அழுத்திப் பொருத்தினால் போதும். குளிர்காலத்தில் மட்டும் இப்படி நேர்ந்தால், கம்ப்ரஸரோடு சேர்ந்த ஈரம் உறிஞ்சும் பகுதி தன் வேலையைச் செய்வதில்லை. குழாயில் புகுந்த நீர் உறைந்து வால்வை அடைக்கிறது.

*சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமா?*

காற்றுப்பைகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் பொருத்தும் தொகுப்புகள் கிடைக்கின்றன. பல ஒர்க்‌ஷாப்புகள் முதல் யோசனையாக அதையே சொல்கின்றன. கார் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியபோதும் மட்டம் மாறாமல், சாலையின் வெடிப்புகளை உள்ளே விடாமல் கடந்து போகும் அந்தத் தன்மை போய்விடும். முறையாக மாற்றிய பைகள் பல ஆண்டுகள் உழைக்கும்போது, ஓ-ரிங் செலவில் முடிந்திருக்கக்கூடிய ஒன்றுக்காகக் காரின் இயல்பையே விட்டுக்கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

*மெக்கானிக்கிடம் எப்போது?* ஃபியூஸ், சுவிட்ச், ரிலே, உணரி ஆகிய நான்கும் சரியாக இருந்தும் எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால் கட்டுப்பாட்டு மாட்யூலை (இந்த அமைப்பை இயக்கும் மின்னணுப் பெட்டியை) சோதிக்க வேண்டும். அதற்குரிய ஸ்கேனர் உள்ளவரிடம் செல்லுங்கள். காரைப் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்தச் சமதளமும் நல்ல ஸ்டாண்டுகளும் இல்லாவிட்டால் பை மாற்றும் வேலையையும் அவரிடமே விடுங்கள்.

அறிகுறி 2: கூலன்ட் குறைகிறது, இனிப்பு வாடை அடிக்கிறது, வெப்பமானி ஏறுகிறது

1996 முதல் 2001 வரையிலான கார்களில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அந்த ஆண்டுகளின் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்து செலுத்தும் பாகம்) முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆனது. இன்ஜினின் முன்பகுதியில் கூலன்ட் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கும் பாதையும் அதே பிளாஸ்டிக்தான். வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்க, ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் அந்தப் பாதை விரிசல் விடும். இது பரவலாகி வழக்காக மாறியதும், ஃபோர்டு நிறுவனம் நீதிமன்ற உடன்பாட்டின் வழியே உரிமையாளர்களுக்கு ஈடு செய்ய ஒப்புக்கொண்டது. அந்தக் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் மேனிஃபோல்டு மாற்றப்படாத கார்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. பானட்டைத் திறந்து தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே குறுக்காகச் செல்லும் பகுதியைப் பாருங்கள்: வெள்ளி நிற அலுமினியமாக இருந்தால் மாற்றப்பட்டுவிட்டது; கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால் இன்னும் மாற்றப்படவில்லை.

சோதனைகளை எளியதிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் முற்றிலும் ஆறிய பிறகே கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். மூடியின் ரப்பர், ரேடியேட்டர் குழாய்கள், அவற்றின் கிளாம்புகள், தெர்மோஸ்டாட் உறையின் ஓ-ரிங் என்று வரிசையாகப் பாருங்கள். அடுத்து, அழுத்தச் சோதனைக் கருவியை உதிரிப்பாகக் கடையில் முன்பணம் கட்டி இரவல் வாங்கி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றி, பத்து நிமிடம் டார்ச் விளக்கோடு காத்திருங்கள். அப்போது வழி இப்படிப் பிரியும்.

ஆல்டர்னேட்டரின் பின்னால் ஈரம் தெரிந்தாலோ, இன்ஜினின் மேல் பள்ளத்தில் கூலன்ட் குளம்போல் தேங்கினாலோ, மேனிஃபோல்டுதான். முன்னால் பெல்ட் ஓடும் பகுதியிலிருந்து சொட்டினால் வாட்டர் பம்ப். வெளியே எங்கும் ஈரமில்லாமல், பயணிப் பக்கக் கால்விரிப்பு நனைந்து, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் ஆவி படிந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூட்டுக் காற்று தரும் சிறு ரேடியேட்டர்). டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டிய பெரிய வேலை அது. எங்குமே ஈரமில்லை, புகைபோக்கியில் வெண்புகை வருகிறது, ஆயிலின் நிறம் பாலேடுபோல் மாறியிருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலான அடைப்புத் தகடு). உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

நண்பர் ஒருவரின் 1999 மாடலுக்கு ஓர் ஒர்க்‌ஷாப்பில் எட்டே மாதங்களில் இரண்டு முறை ஆல்டர்னேட்டர் மாற்றினார்கள். மேலே இருந்து அதன் மீது சொட்டிக்கொண்டிருந்த கூலன்டை எவரும் பார்க்கவில்லை. ஆல்டர்னேட்டர் அடிக்கடி போகிறது என்று யாராவது சொன்னால், நான் இப்போது முதலில் தடவிப் பார்ப்பது மேனிஃபோல்டைத்தான்.

மேனிஃபோல்டு மாற்றுவதற்கு அலுமினியக் குறுக்குப்பாதை கொண்ட புதிய வகையையே வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டையும் கேஸ்கெட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். போல்ட்டுகளைச் சர்வீஸ் கையேட்டில் உள்ள வரிசையிலும் அளவிலும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானர்) கொண்டு முடுக்க வேண்டும். அனுபவமுள்ளவருக்கு ஒரு முழு நாள் வேலை. டார்க் ரெஞ்ச் பிடித்துப் பழகாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

ஓடும்போது வெப்பமானி சிவப்புக்குப் போய் இன்ஜின் திடீரென வலுவிழந்து குலுங்கினால், சிலிண்டர்களில் பாதியை மாறிமாறி நிறுத்திச் சூட்டைத் தணிக்கும் பாதுகாப்பு முறை இயங்குகிறது என்று பொருள். சாலையோரம் வந்து சேர்வதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. அதை நம்பி வீடு வரை ஓட்டினால் இன்ஜினை இழக்க நேரும்.

அறிகுறி 3: மணிக்கு 40–50 மைல் வேகத்தில் கார் நடுங்குகிறது

சாலை விளிம்பின் எச்சரிக்கை மேடுகள் மீது ஓடுவதைப் போன்ற நடுக்கம் இது. இரண்டு வேறு கோளாறுகள் ஒரே மாதிரித் தோன்றுவதால், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து பலர் பெருஞ்செலவு செய்கிறார்கள். பிரித்தறிய ஓர் எளிய சோதனை போதும். சமமான, வெறிச்சோடிய சாலையில் 45 மைல் வேகத்தில், ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தியவாறே செல்லும்போது நடுக்கம் வந்ததும், இடக்காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். இன்ஜினின் சுழற்சியை ஆயிலின் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டை அந்தத் தொடுதல் விடுவித்துவிடும்.

*தொட்டதும் நடுக்கம் நின்றால்*, டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் நடுங்குகிறது. 1993 முதல் வந்த 4ஆர்70டபிள்யூ கியர்பாக்ஸில் இது பழகிய நோய். கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். பழுப்பாக இருந்தால் மெர்கான் வி தரமுள்ள ஆயிலை முழுமையாக மாற்றுங்கள். கீழ்த்தட்டை மட்டும் கழற்றி மாற்றினால் பழைய ஆயிலில் பெரும்பகுதி கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 14 குவார்ட் என்பதால், கன்வெர்ட்டரில் வடிகால் திருகாணி உள்ள கார்களில் அதையும் திறந்து வடித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த கார்களில் பெரும்பாலானவை இதோடு சரியாகிவிட்டன. ஆயிலில் கரிந்த வாடை அடித்தாலோ, தட்டில் உலோகத் துணுக்குகள் கிடந்தாலோ, கியர் மாறும்போது நழுவினாலோ, ஆயில் மாற்றிப் பயனில்லை. கியர்பாக்ஸ் நிபுணரிடம் கொண்டு செல்லுங்கள்.

*தொட்டும் நடுக்கம் தொடர்ந்தால்*, ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. 1996 முதலான கார்களில் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி.-2 ஸ்கேனரைச் செருகினால், பி0301 முதல் பி0308 வரையிலான குறியீட்டின் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லிவிடும். பயணிப் பக்கத்தில் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4. ஓட்டுநர் பக்கத்தில் 5 முதல் 8. 1998 முதல் ஒவ்வொரு பிளக்கின் மீதும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் தனிக் காயில் இருப்பதால், சந்தேகத்துக்குரிய காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். குறியீடும் கூடவே மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக் அல்லது இன்ஜெக்டர். காயிலைக் கழற்றும்போது பிளக் குழியில் கூலன்ட் தேங்கியிருந்தால், உண்மையான காரணம் இரண்டாவது அறிகுறியில் சொன்ன கசிவுதான். பி0171, பி0174 (காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை என்ற குறியீடுகள்) இரண்டும் சேர்ந்து வந்தால், த்ராட்டிலின் பின்புறம் செல்லும் ரப்பர் முழங்கைக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது உளுத்துக் காற்று புகுந்திருக்கும்.

பிளக்கைத் தொடும்போது மிகுந்த கவனம் தேவை. இந்த இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் பிளக்குக்கான மரைகள் மிகக் குறைவு. இன்ஜின் முழுதும் ஆறியபின், குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகி, கடைசியில் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். ஓடும்போது வெடிச்சத்தம் கேட்டு, பின் ‘டப் டப்’ என்று சீரான ஒலி தொடர்ந்தால் பிளக் மரையோடு பிய்த்துக்கொண்டு வெளிவந்துவிட்டது. உடனே நிறுத்துங்கள். ஹெட்டில் புதிய மரை பதிக்கத் தெரிந்தவர்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.

அறிகுறி 4: ஏசி காற்று முன் கண்ணாடிக்கு மட்டுமே போகிறது

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் முகத்துக்குக் காற்று வராமல் டிஃப்ராஸ்ட் துளைகளிலிருந்தே (முன் கண்ணாடியின் ஆவியை நீக்கும் துளைகளிலிருந்தே) வந்தால், வேக்குவம் (இன்ஜின் தரும் உறிஞ்சுவிசை) இல்லை என்று பொருள். வேக்குவம் இழந்தால் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருக்கும் நிலைக்கே ஏசிக்குள் காற்றைத் திருப்பும் சிறு கதவுகள் திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள். முதலில் இன்ஜினிலிருந்து செல்லும் மெல்லிய வேக்குவம் குழாய் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால், தானியங்கி ஏசியின் கட்டுப்பாட்டுப் பெட்டியருகே காதை வையுங்கள். பாம்பு சீறுவதுபோல் மெல்லிய ஒலி கேட்டால், பெட்டியின் பின்புறமுள்ள சோலனாய்டுகளின் ஓ-ரிங்குகள் கடினமாகிச் சுருங்கிவிட்டன. பெட்டியைக் கழற்றி அந்தச் சிறு வளையங்களை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். வெறும் ரப்பர் வளையங்களுக்காகப் பெட்டியையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முதலில் வளையங்களை மாற்றிப் பாருங்கள்.

காற்று சரியான இடத்தில் வந்தும் சூடாகவே வந்தால் வேறு கதை: வெப்பம் கலக்கும் கதவின் மோட்டார் அல்லது குறைந்த ஏசி வாயு. வாயுவை நிரப்புவது உரிய கருவியும் சான்றிதழும் உள்ளவரின் வேலை.

அறிகுறி 5: ஓடும்போது ஹெட்லைட் அணைகிறது

நெடுஞ்சாலையில் நள்ளிரவில் இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஒரே முறை நடந்து தானாகச் சரியாகியிருந்தாலும் அலட்சியம் வேண்டாம். அந்தக் கணத்தில் ஹைபீம் நெம்புகோலை உங்களை நோக்கி இழுத்துப் பிடித்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சத்திலேயே ஓரம்கட்டுங்கள். பிறகு பல்பு, ஃபியூஸ், ஸ்டியரிங் அருகிலுள்ள பன்முக சுவிட்ச் என்ற வரிசையில் சோதியுங்கள். இவை சரியாக இருந்து, சூடேறியபின் மட்டும் விளக்குகள் அணைந்தால், விளக்குக் கட்டுப்பாட்டு மாட்யூலின் உள்ளே ரிலேயின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். மின்னணுப் பலகையில் ஈயம் வைத்துப் பழகியவர்கள் அதை மீண்டும் பற்றவைக்கலாம். மற்றவர்கள் மாட்யூலை அனுப்பிச் சரிசெய்து வாங்கலாம். அதுவரை இரவில் காரை எடுக்காதீர்கள்.

அறிகுறி 6: இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது

கதவு மூடியும் ‘கதவு திறந்துள்ளது’ என்ற எச்சரிக்கை அணையாவிட்டால், கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் அழுக்கேறிச் சிக்கியிருக்கிறது. உள்விளக்குகள் எரிந்துகொண்டே பேட்டரியைக் குடிக்கின்றன. துருநீக்கும் எண்ணெயைப் பூட்டின் வாயில் நன்றாகத் தெளித்து, கதவை இருபது முப்பது முறை திறந்து மூடினால் பெரும்பாலும் விடுபடும். டிக்கி விளக்கையும் மறக்காதீர்கள். அவை காரணமில்லையென்றால், பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் அம்மீட்டரை இணைத்து, காரின் மாட்யூல்கள் உறங்குவதற்கு அரை மணி நேரம் விட்டு அளவிடுங்கள். 50 மில்லியாம்பியருக்கு மேல் இருந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது அளவு விழுகிறது என்று பாருங்கள். முன்பு சொன்ன ஏர் சஸ்பென்ஷன் ரிலே இங்கும் குற்றவாளியாக இருக்கலாம்.

1992, 1993 மாடல் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் சிலிண்டரோடு சேர்ந்த குரூஸ் கன்ட்ரோல் சுவிட்சில் ஆயில் கசிந்து, நிறுத்தி வைத்த காரே தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அந்தக் கார்கள் 1999-இல் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் காரில் அந்த வேலை முடிந்ததா என்பதை டீலரிடம் சேஸிஸ் எண்ணைச் சொல்லி உறுதிசெய்யுங்கள். உறுதியாகும்வரை வீட்டோடு ஒட்டிய கராஜில் நிறுத்த வேண்டாம்.

அறிகுறி 7: ஸ்டார்ட்டர் சுழல்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

டிக்கிக்குள் ஓர் அதிர்ச்சி சுவிட்ச் உண்டு. மோதல் நேர்ந்தால் பெட்ரோல் பம்பை நிறுத்துவதற்கானது அது. நிறுத்துமிடத்தில் யாராவது பின்னால் இடித்திருந்தாலும் அது விழுந்துவிடும். அதன் பொத்தானை அழுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள். பிறகு சாவியைத் திருப்பியதும் பின்னிருக்கைப் பக்கத்தில் பம்பின் ஓரிரு நொடி ரீங்காரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, கடைசியாகப் பம்ப். டேஷ்போர்டில் திருட்டுத்தடுப்பு விளக்கு வேகமாக மின்னினால் சாவியைக் கார் அடையாளம் காணவில்லை. உங்களிடமுள்ள இன்னொரு சாவியால் முயன்று, அதுவும் பலிக்காவிட்டால் சாவி நிபுணரை அழையுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

அறிகுறி 8: மோட்டார் ஓடுகிறது, கதவுக் கண்ணாடி அசையவில்லை

பழைய மாடல்களில் மோட்டாரின் பல்சக்கரத்துக்குள் இருக்கும் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் நொறுங்கியிருக்கும். அவை தனியாகக் கிடைக்கின்றன. கண்ணாடியை மேலே தூக்கிப் பட்டையால் ஒட்டிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறிகுறி 9: நெடுஞ்சாலையில் கார் நேராகப் போக மறுத்து அலைகிறது

டயர் காற்றழுத்தம், டயரின் வயது ஆகியவற்றைப் பார்த்த பிறகு, முன்சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 2002 வரையிலான கார்களில் ஸ்டியரிங் அமைப்பின் இணைப்புகளான டை ராட் முனைகளும் ஐட்லர் ஆர்மும் தேய்ந்திருக்கும். 2003 முதல் ரேக் அண்ட் பினியன் என்ற பல்தண்டு ஸ்டியரிங் என்பதால் அதன் முனைகளைப் பாருங்கள். 1998 முதலான கார்களில் பின்புறம் அலைந்தால் பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் இணைப்பின் ரப்பர் புஷ்களைச் சோதியுங்கள். எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும்.

காரடியில் இருக்கும் அந்த நேரத்திலேயே சேஸிஸையும் பாருங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய கார் என்றால், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சேஸிஸ் வளையும் இடங்களைச் சுத்தியலின் முனையால் தட்டுங்கள். ‘டங்’ என்று கணீரென ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ, துரு அடுக்கடுக்காக உதிர்ந்தாலோ, காரை அந்த இடத்தில் ஜாக்கியில் தூக்காதீர்கள். சேஸிஸை ஒட்டிப் பின்னால் செல்லும் பிரேக் குழாய்களில் துருப்பொருக்குகள் தெரிந்தால், பெடல் இன்று கெட்டியாக இருந்தாலும் காரை இழுவை வண்டியில் ஏற்றி, வெல்டிங்கும் பிரேக் வேலையும் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். ஏற்றுவதற்கு முன் டிக்கி சுவிட்சை அணைத்துவிடுங்கள்.